கவிழாத படகு

எது நல்லது என்று கேட்டீர். கீல் படகு. போதுமா?

போதாதென்றால் உட்காரும். நீர் வாங்க வந்த படகைக் காட்ட வேண்டியவன் ரைமண்டு. அவன் ஞானஸ்நான விருந்துக்குப் போயிருக்கிறான். பிரியாணி முடிந்து, பாயசம் முடிந்து, சாவியோடு வருவான். அதுவரை எனக்கு ஒரு காரியம் செய்யும். உம் கண் நல்ல கண்தானே? எனக்கு இரண்டிலும் புரை. இந்தப் படகுத்துறை தெரிகிறது. அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சித் தண்ணீர். கல்சுவரைத் தாண்டி, முயல் தீவுப் பக்கம், எத்தனை பாய் நிற்கிறது? எண்ணிச் சொல்லும்.

ஐந்து. அதில் சிவப்பு ஒன்று?

இருக்கிறது. சரி.

பயமா? எனக்கு என்ன பயம். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் பைலட் லாஞ்சுக்குச் சராங்கு. கப்பலுக்கு வழி காட்டுகிற அதிகாரியைக் கடலில் கொண்டுபோய்க் கப்பல் ஏணியில் ஏற்றிவிட்டுத் திரும்புகிற வேலை. புயல் கூண்டு ஏற்றின பிறகும் போயிருக்கிறேன். காற்றுக்குப் பயந்தவன் அந்த வேலையில் ஒரு வாரம் நிற்க மாட்டான். சும்மா எண்ணச் சொன்னேன். எண்ணுவது நல்ல பழக்கம்.

உம் பேர் என்ன சொன்னீர்? சங்கரசுப்பு. கோவில்பட்டி. சரி. கோவில்பட்டிக்காரருக்குக் கடலில் என்ன ஜோலி என்று நான் கேட்கவில்லை. ரிட்டயர் ஆனால் ஆளுக்கொரு பைத்தியம்.

இங்கே மூன்று வகைப் படகு பந்தயம் ஓடுகிறது. ஒரு தடவைதான் சொல்வேன்.

கீல் படகு. மரத்தில் செய்தது. அடிவயிற்றில் கால் டன் ஈயம் தொங்குகிறது. அதனால் மெதுவாகப் போகும். சாய்ந்தால் ஈயம் இழுத்து நிமிர்த்தும். அதில் டீ குடிக்கலாம். குடித்த டம்ளரைக் கீழே வைக்கலாம். ஒரு ஜெபமாலை முழுதும் சொல்லி முடிக்கலாம், அடுத்த மிதவை வருவதற்குள்.

ஸ்போர்ட் போட். பிளாஸ்டிக். அரைப் படகுக்கு ஒன்றரைப் படகின் பாய். ஐந்து பேர் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மாடியில் உட்கார்ந்து மாதா தேர் பார்க்கிறவர்கள் மாதிரி. ஒருவன் தும்மினால் படகு திரும்பிவிடும்.

பிறகு கேட்டமரான். எங்கள் ஊரில் கட்டுமரம் என்றால் மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டியது. இவர்கள் இரண்டு பிளாஸ்டிக் வள்ளத்துக்கு நடுவே வலையை விரித்துவிட்டு எங்கள் பேரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதில் உட்கார இடம் கிடையாது. ஒருவன் கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே தொங்க வேண்டும். ஒரு வள்ளம் தண்ணீரை விட்டு மேலே கிளம்பிவிடும். அதைப் பார்த்துக் கரையில் கைதட்டுகிறார்கள். அது வாரத்துக்கு நான்கு தடவை கவிழும். கவிழ்ந்தால் அதற்கும் கைதட்டுகிறார்கள்.

இப்போது எத்தனை? எண்ணும்.

ஐந்து. சிவப்பு எங்கே நிற்கிறது? கடைசி மிதவைக்குப் போகவில்லையே? போகிறதா. சரி, சரி.

முதுகில் படுகிறதா காற்று? கழுத்தில் மண் குத்துகிறதா? எனக்குக் குத்துகிறது. ஒரு மணிக்கு இது இல்லை. வழக்கமாகப் பன்னிரண்டுக்குத் தொடங்குகிற பந்தயத்தை இன்றைக்கு மூன்று மணிக்கு மேல்தான் தொடங்கினார்கள்.

உம் வீட்டம்மா என்ன கேட்டுவிட்டார்கள் என்று சொன்னீர்? கவிழுமா என்று. எல்லா வீட்டிலும் அந்த ஒரே கேள்விதான். என் தங்கை மெட்டில்டாவும் அதைத்தான் கேட்டாள். இருபது வருஷம் ஆகிறது. அவள் புருஷன் மோத்தா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். உயரத்துக்குப் பயமில்லை, தண்ணீருக்குக் கொஞ்சம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு எனக்கு ஒரு ஆள் வேண்டும், இவனை அனுப்பு என்று போய் நின்றேன்.

“அண்ணே, அது கவுந்துருமா?”

“கவுராது.”

“மாதா மேல சத்தியமா?”

“மாதாவ எதுக்கு இழுக்க? அடியில ஈயம் கெடக்கு. கவுராது.”

அனுப்பினாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்குப் போன் செய்வாள். அவனுக்கு இல்லை, எனக்கு. “கவுரலையே?” என்பாள். “கவுரலை. சோத்தப் போடு” என்பேன். வைத்துவிடுவாள். இருபது வருஷமாக ஒரே பேச்சு. ஒரு வார்த்தை கூடினதில்லை, குறைந்ததில்லை.

மெதுவான படகு எப்படி ஜெயிக்கும் என்று கேட்கிறீர். நல்ல கேள்வி. நேரக் கழிவு என்று ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஒரே சுற்று ஓட வேண்டும். ஓடின நேரத்திலிருந்து படகுக்குத் தகுந்தபடி கழிப்பார்கள். கேட்டமரான் ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிடும். எனக்கு இரண்டே முக்கால் மணி ஆகும். அவர்கள் குளித்து, உடுப்பு மாற்றி, பரோட்டா தின்று, பல் குத்திக்கொண்டு நிற்பார்கள். நான் அப்போதுதான் கல்சுவருக்குள் நுழைவேன். கடைசி ஆள். பிறகு கிளப் செக்ரட்டரி காகிதத்தை எடுத்துக் கழித்துப் பார்ப்பார். நான் முதல். நான்கு வருஷம் கோப்பை எனக்குத்தான். மெட்டில்டா வீட்டு அலமாரியில் இருக்கிறது. போன வருஷம் நாற்பது செகண்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். நாற்பது செகண்டு! அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீர்.

அதற்கு மூளை வேண்டும். எங்கே கனத்தைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும். கீல் படகில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நூறு லிட்டர் நீல டிரம் இரண்டு கட்டி வைக்கச் சொல்லி விதி இருக்கிறது. மூடி இறுக்கிய காலி டிரம். உள்ளே வெறும் காற்று. எதற்கு? அடியில் கால் டன் ஈயம் கீழே இழுக்கிறது, இது மேலே இழுக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் மாதிரி. அதன் இடுக்கில் தண்ணீர் வேறு தேங்கி நாறும். கழற்றி எறிந்தேன். எறியவில்லை, மெட்டில்டாவிடம் கொடுத்தேன். முற்றத்தில் வைத்துக் குடிதண்ணீர் பிடிக்கிறாள். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் குழாய் வருகிற தெரு அது. நல்ல உபயோகம்.

நான் கழற்றினதைப் பார்த்து ரைமண்டும் கழற்றினான். மூன்றாவது கீல் படகுக்காரரும் கழற்றினார். ஜெயிக்கிறவனைப் பார்த்துத்தானே மற்றவன் செய்வான். பரிசோதனையா? வருஷத்துக்கு ஒரு தடவை உண்டு. படகுகளைப் பரிசோதிக்கிறவன் நான்தான்.

எண்ணும்.

ஏன் தாமதம்? தூசி மறைக்கிறதா? நன்றாகப் பாரும். கண்ணைச் சுருக்கிப் பாரும். நான்கா ஐந்தா?

ஐந்து. முதலிலேயே சொல்வதற்கென்ன.

கையை ஏன் பார்க்கிறீர்? அது வாதம். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இரண்டு வருஷமாக. யாரிடமும் சொல்லவில்லை, உம்மிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

என் படகு எங்கே என்று கேட்கிறீரா? ஸ்தெல்லா. முயல் தீவுக்குக் கிழக்கே இருக்கிறது. எட்டுப் பாகம், ஐம்பதடி ஆழத்தில்.

எழுந்திருக்காதீர். உட்காரும். சொல்கிறேன்.

மூன்று ஞாயிறு ஆகிறது. இதே கச்சான் மாதம். கச்சான் தெரியுமா உமக்கு? மேற்கேயிருந்து வருகிற காற்று. உம் ஊர்ப் பக்கமிருந்துதான் கிளம்புகிறது. காலையில் இருக்காது. மத்தியானத்துக்கு மேல் எழும்பும். எழும்பினால் தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிக்கொண்டு வரும். கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. அதில் அகப்பட்டவனுக்கு அடுத்த கரை இலங்கை.

பன்னிரண்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. ஒரு மணிக்கெல்லாம் வேகப் படகுகள் முடித்துக் கரையேறிவிட்டன. கீல் படகில் ரைமண்டு பாதியில் திரும்பிவிட்டான். பயந்தாங்கொள்ளி. அதனால்தான் அவன் படகு கிரேஸி இன்றைக்கு உமக்கு விற்பனைக்கு இருக்கிறது. இன்னொருவர் வரவே இல்லை. நானும் மோத்தாவும் மட்டும். இரண்டேகால் மணிக்கு நாங்கள் கடைசி மிதவையைச் சுற்றுகிறோம். ஒன்றைக் கவனியும். கச்சான் எழும்பின நேரத்தில் வேகப் படகுக்காரன் ஒருவன்கூடக் கடலில் இல்லை. ஆபத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறவனுக்கு என்ன பேர்? அதைத் திறமை என்கிறார்கள்.

மோத்தா சொன்னான்: “மச்சான், மேக்கே பாரு. மண்ணு எந்திக்கி.”

பார்த்தேன். கரையே தெரியவில்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. கீழே எல்லாம் செம்மண் புகை.

“பாயச் சுருக்குவமா?”

“நாப்பது செகண்டுல ஜெயிச்ச ஆளு நான். சுருக்கினா ரெண்டு நிமிஷம் போயிரும்.”

“கயித்த எங்கிட்டத் தா, நான் புடிக்கேன். உன் கை...”

“என் கைக்கு என்ன? நீ முன்னால பாரு.”

அவன் முன்னால் பார்த்தான். இருபது வருஷமாக நான் சொன்னால் முன்னால் பார்ப்பான்.

முதல் அடி அடித்தது. படகு சாய்ந்தது. சாயும். அதற்குத்தான் ஈயம். நிமிர்ந்தது. இரண்டாவது அடி. சாய்ந்தது, நிமிரவில்லை. விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் உள்ளே ஏறுகிற சத்தம் கேட்டிருக்கிறீரா? அலைச் சத்தம் மாதிரி இருக்காது. வீட்டுக்குள் ஆள் நுழைகிற மாதிரி இருக்கும். மோத்தா கத்தினான், “கயித்த விடு மச்சான்! விடு!” பாய்க்கயிற்றை விட்டால் பாய் காற்றை உதறிவிடும், படகு நிமிர்ந்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான். யார் கையிலும் இல்லை அது.

கவிழவில்லை. கவனியும். நான் என் தங்கையிடம் பொய் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் ஸ்தெல்லா கவிழவில்லை. நிரம்பியது. நிரம்பின பிறகு ஈயம் அதை நிமிர்த்தியது. நேராக நின்றது. நேராக நின்றபடியே கீழே போயிற்று, லிஃப்டில் இறங்குகிறவன் மாதிரி. முழங்காலுக்குத் தண்ணீர். இடுப்புக்கு. பிறகு காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாய்மரம் என் முகத்துக்கு நேரே இறங்கிப்போனது. அதன் உச்சியில் கட்டின சின்னக் கொடி, அதுவும் போயிற்று.

படகிலிருந்து மிதந்து வந்த துடுப்பை நான் பிடித்துக்கொண்டேன். லைஃப் ஜாக்கெட் நான் போடுவதில்லை. மோத்தா போட்டிருந்தான், மெட்டில்டா போடாமல் விடமாட்டாள். ஜாக்கெட் போட்டவன் மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை. படகு போன இடத்தில் குமிழி வந்தது. அவன் கால் கயிற்றில் மாட்டிக்கொண்டது. ஈயம் கீழே இழுக்கிறது, ஜாக்கெட் மேலே இழுக்கிறது, நடுவே மோத்தா.

எண்ணினேன். வேறு என்ன செய்ய. ஒன்று. இரண்டு. மூன்று. கூப்பிட்டால் வாயில் தண்ணீர். ஐந்து. ஆறு. மெட்டில்டா நாலு மணிக்குப் போன் செய்வாள் என்று நினைத்தேன். ஒன்பது. நான் முங்கிப் பார்த்திருக்கலாம் என்று நீர் நினைக்கிறீர். துடுப்பை விட்டால்தானே முங்க முடியும். கை வரவில்லை. இறுக்கிக்கொண்டது. அன்றைக்கு மட்டும் அந்த மூன்று விரலும் மடங்கிற்று.

பதினொன்றில் தலை தெரிந்தது. இடுப்பில் கத்தி வைத்திருப்பான், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டான். மூக்கிலிருந்து ரத்தம். என்னைப் பார்த்தான். 

எண்ணும். சங்கரசுப்பு, எண்ணும் ஓய்.

ஐந்து. நல்லது.

யார் காப்பாற்றினது? அந்தச் சிவப்புப் பாய்தான். ஜெனோவா என்று ஒரு பெண். கல்லூரியில் விளையாட்டு டீச்சர். கரையில் தட்டில் பாதிப் பரோட்டா இருக்கும்போது எங்கள் பாய் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறாள். காவல் படகு எங்கேயோ எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தது. இவள் கேட்டமரானைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு தனியாக வந்துவிட்டாள். எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிற தூரம். எட்டு நிமிஷத்தில் வந்தாள்.

“தாத்தா, கையக் குடுங்க.”

முதலில் அவனைத் தூக்கு என்று சொன்னேன். சொன்னதாகத்தான் ஞாபகம்.

அந்த வலையில் இரண்டு கிழட்டு மீன் மாதிரிக் கிடந்தோம். திரும்பி வந்த வேகம் இருக்கிறதே, அதை என்னால் சொல்ல முடியாது. ஒரு பக்க வள்ளம் மேலே எழும்புகிறது. கம்பி கீச்சென்று கத்துகிறது. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். “மெதுவாப் போ, பிள்ள!” என்றேன். “இதுக்கு மெதுவாப் போகத் தெரியாது தாத்தா” என்றாள். மோத்தா சிரித்தான். மூக்கில் ரத்தத்தோடு சிரித்தான்.

இங்கே, இந்தத் தகரக் கொட்டகையில், செக்ரட்டரி கேட்டார், என்ன நடந்தது சராங்கே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மோத்தா சொன்னான்: “கயிறு கப்பியில சிக்கிட்டு.” அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

நாலு மணிக்குப் போன் வந்தது. “கவுரலையே?” என்றாள். “கவுரலை. சோத்தப் போடு” என்றேன். பொய் இல்லையே. மறுநாள் மீன் கடையில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு போன் இல்லை. இரண்டு ஞாயிறு. நானும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் முற்றத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முற்றத்தில் அந்த நீல டிரம் இரண்டும் நிற்கின்றன. ஏனோ அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மோத்தா வந்தான். ஜெனோவாவோடு ஓடுகிற பிள்ளைக்கு மணிக்கட்டு பிசகிவிட்டதாம். இவன் ஏறப்போகிறானாம். அறுபத்து நாலு வயது.

“ஒனக்குக் கிறுக்கா?”

“இருவது வருஷம் கவுராத படகுல போயாச்சு. ஒரு தடவ கவுருத படகுல போயிப் பாக்கேனே, மச்சான்.”

“ரைமண்டு படகு இருக்கு. நீயும் நானும் எடுத்து ஓட்டலாம்.”

 என் வலது கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, “வாரேன் மச்சான்” என்று போய்விட்டான். திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அந்தப் பார்வை இருக்கிறதே. கடலில் எனக்குப் பயமில்லை ஓய். தினமும் விடிகாலையில் அந்தப் பார்வை வந்து எழுப்பிவிடுகிறது.

ஆமாம். அந்தச் சிவப்புப் பாயில் தொங்குகிறவன் அவன்தான். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். போதுமா?

எண்ணும்.

என்ன நான்கு? சரியாக எண்ணும். தூசியாக இருக்கும். சிவப்பைத் தேடும். சிவப்பு எங்கே?

படுத்திருக்கிறதா? எது படுத்திருக்கிறது? பாயா? தண்ணீர்மேலா?

தலை. தலையைப் பாரும். பாயை விடும், பாய் கிடக்கட்டும், தலை எத்தனை? ஒன்றா. அது ஆணா பெண்ணா? தலைமயிர் நீளமா? அவள்தான். இன்னொன்று. படகுக்குப் பின்னால் பாரும். பாய்க்கு அடியில் மாட்டியிருப்பான். கயிற்றில் மாட்டியிருப்பான். அவனுக்குக் கயிறு ஆகாது. என் தோளைப் பிடிக்காதீர், கடலைப் பாரும்!

ஒன்று. இரண்டு. மூன்று.

கப்பியில் சிக்கவில்லை, சங்கரசுப்பு. நான் கட்டினேன். கை பிடிக்கவில்லை, பாய்க்கயிறு இரண்டு மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்தது. படகோரத்துக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்டேன். பாய்க்கயிற்றைக் கட்டக் கூடாது. ஒருநாளும் கட்டக் கூடாது. நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் விடு விடு என்று கத்தினபோது நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நனைந்த முடிச்சு. அவன் திரும்பிப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கப்பியில் சிக்கிட்டு என்று சொன்னான்.

எட்டு. ஒன்பது. தலை தெரிகிறதா? சொல்லித் தொலையும்!

என்ன? எங்கே?

நிற்கிறானா? எதன்மேல் நிற்கிறான்? வள்ளத்தின் மேலா. படுத்த படகின் மேல் ஏறி நிற்கிறான். இரண்டு பேரும். சரியாகப் பார்த்தீரா? வெள்ளைத் தொப்பியா? தொப்பி கூடப் போகவில்லையா?

அது மிதக்கிறது. படுத்துக்கொண்டே மிதக்கிறது, ஆ? முங்கவில்லையே? கீழே போகிற மாதிரி இல்லையே?

இரும். உட்காருகிறேன்.  நீர் பார்த்துக்கொண்டே இரும்.

என்ன செய்கிறார்கள்? கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்கிறார்களா. பாய் எழும்புகிறதா? எழும்புகிறது. இன்னும்? நின்றுவிட்டதா. ஏறிவிட்டார்களா இருவரும்?

என்ன சிரிக்கிறீர்? மறுபடி கவிழ்ந்துவிட்டதா? அந்தப் பக்கமா? தலை?

இரண்டு. இரண்டு. சரி. அவன் கையை ஆட்டுகிறானா? யாருக்கு? கரையைப் பார்த்தா? நான் இங்கே உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். புரைக் கண்ணோடு உட்கார்ந்திருப்பேன் என்று தெரியும். அவன் கண்ணில் ஒன்றும் தப்பாது, கிரேன்காரன்.

நீரும் கையை ஆட்டும். என் கை வரவில்லை.

மணி என்ன? நாலா?

போன் அடிக்கிறது. உம்முடையதா? என்னுடையது. யார் பேர் விழுகிறது, வாசியும். மெட்டில்டாவா. நன்றாக வாசியும்.

தாரும்.

“என்ன.”

“அண்ணே. கவுரலையே?”

“கவுந்துட்டு. ரெண்டு தடவ.”

“மாதாவே!”

“கேக்கியா? கவுந்துட்டு. ஆளு நிக்கான். கைய ஆட்டுதான்.”

“நீ பாத்தியா?”

“எனக்குக் கண்ணு எங்க தெரியுது? கோவில்பட்டிக்காரர் ஒருத்தர் பாத்துச் சொல்லுதாரு. பொய் சொல்லுத ஆளு இல்ல.”

“அழுதியா அண்ணே?”

“மண்ணு. கச்சான் அடிக்கி. ஏ மெட்டில்டா, முத்தத்துல அந்த ரெண்டு நீல டிரம்மு கெடக்குல்லா.”

“முந்தாநாத்துத் தண்ணி. நெறைய இருக்கு. அதுக்கு என்ன?”

“கொட்டிட்டுக் கவுத்து வையி. காயட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன். மூடி ரெண்டும் வேணும்.”

“ஒனக்குத்தான் படகே இல்லியே, எதுக்கு?”

“வந்து சொல்லுதேன். எல்லாத்தையும் வந்து சொல்லுதேன். சோத்தப் போடு.”

அதோ வருகிறான் ரைமண்டு, சாவியை ஆட்டிக்கொண்டு. சாவியை வாங்காதீர். கிரேஸியில் முன்னாலும் பின்னாலும் டிரம் கட்டி, மூடியை நானே இறுக்கிப் பார்க்கிற வரைக்கும் அவன் காலில் விழுந்தாலும் வாங்காதீர். வீட்டம்மா கேட்டால் நான் சொன்னதாக எதுவும் சொல்ல வேண்டாம்.

என்னைப் பார்க்காதீர். அங்கே பாரும். எத்தனை பாய்?